முக்காலுக்கு மேலே

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் முக்கால். மரியாதை தெரிந்தவர்கள் முக்கால் சார் என்பார்கள்.

பெயர் தொழிலால் வந்தது. கட்டில், பீரோ, நாற்காலி விற்கும் கடை ஒன்றின் மாடியில் ஒரு சின்ன அரங்கம். அங்கே அவர்தான் சவுண்டுக்காரர். சனிக்கிழமை சாயங்காலங்களில் பாட்டுக் குழுக்கள் வரும். பெரிய குழு மேடையேறுமுன் கூட்டத்தைச் சூடுபண்ண ஒரு சின்னக் குழு வாசிக்கும். அதை முன்குழு என்பார்கள். முன்குழுவுக்குச் சத்தம் முக்கால்தான் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். மிக்சர் மேஜையில் மாஸ்டர் பொத்தானை மேலே தள்ளத் தள்ளச் சத்தம் கூடும். அது போகிற பாதையில் முக்கால் தூரத்தில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி வைத்திருந்தார். முன்குழு என்றால் பொத்தான் டேப்போடு நிற்கும். பெரிய குழு வந்ததும் முழுசாக மேலே போகும். கூட்டத்துக்கு இந்தச் சூட்சுமம் தெரியாது. "இவங்க வந்ததும் என்ன ஒரு எடுப்பு பாரு" என்று சொல்லிக்கொள்ளும். பல பெரிய கலைஞர்களுடைய புகழில் கால் பங்கு தன் ஆள்காட்டி விரலில் இருந்தது என்பதை அவர் வெளியே சொன்னதில்லை. சொன்னால் பங்கு கேட்பதாக நினைப்பார்கள்.

சட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மேடைக்குப் பின்னால் மர அலமாரிக்குள் உட்கார்ந்திருந்த ஆம்ப்ளிஃபையர், கடை முதலாளி வாங்கும்போதே பழசு. அதற்கு ஒரு சாயங்காலத்துக்கு ஒரு முழுசுதான். முன்குழுவுக்கும் முழுசு, பெரிய குழுவுக்கும் முழுசு என்று கேட்டால் சூடேறி, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்துவிடும். அப்புறம் கையைப் பிடித்தாலும் எழுந்திருக்காது, காலைப் பிடித்தாலும் எழுந்திருக்காது. தானாக ஆறினால்தான் உண்டு.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. காபி முக்கால் டம்ளர்தான் குடிப்பார். மனைவி சொல்வதில் முக்கால் பங்குதான் காதில் விழும். சிரிப்பு வந்தால் முக்காலில் நிறுத்திவிடுவார். கல்யாணத்துக்கு உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டபோதே "சம்ம" என்று சொல்லி நிறுத்திவிட்டதாகவும், மீதியைத் தானே சொல்லி முடிக்க வேண்டியிருந்ததாகவும் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள்.

அந்த மனைவிக்கு ஒரு தம்பி. பகலில் செருப்புக் கடையில் வருகிறவர்களின் காலுக்கு அளவு பார்ப்பான். சாயங்காலமானால் 'எரிமலை' குழுவின் பாடகன். வெள்ளி நிறக் கோட்டு, புகை கக்கும் மெஷின், இருட்டிலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி என்று எல்லாம் பெரிய அளவில் இருந்தது. குரல் மட்டும் கொஞ்சம் மெல்லிசு. ஊசியில் கோக்கலாம். ஆனால் அக்காவுக்கு அது தெரியாது, அல்லது தெரிந்தும் தெரியாது.

எரிமலை முதல்முறையாக முக்காலின் அரங்கத்துக்கு வருவதாக முடிவான அன்று, அவள் காபியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"என் தம்பி உங்க மேடைக்கு வரான். அவனுக்கு முழுசா குடுக்கணும். நாளைக்கு அவன் வந்து 'மாமா எனக்குக் குறைச்சிட்டாரு'ன்னு ஒரு வார்த்தை சொன்னான்னு வைங்க, உங்ககூடப் பேசுறதையே நிறுத்திடுவேன். முக்கால்வாசி இல்ல, முழுசா."

இதை அவர் கடைசி எழுத்துவரை கேட்டார். இத்தனை வருஷத்தில் அவள் பேசாமல் இருந்தது ஒரே ஒரு வாரம். அந்த வாரம் குழாய் சொட்டுகிற சத்தம் அவருக்கு இடி விழுவது மாதிரி கேட்டது. பக்கத்து வீட்டுப் பூனை யோசிப்பதுகூடக் கேட்டதாகச் சொல்வார். சத்தத்தில் பிழைக்கிற மனுஷனுக்கு மௌனம் ஆகாது. "உன் தம்பிக்கு முழுசு, கவலைப்படாதே" என்று வாக்குக் கொடுத்தார்.

சனிக்கிழமை வந்தது. போஸ்டரில் எரிமலையின் பெயர் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. அடியில் எறும்பு அளவில் முன்குழுவின் பெயர்: மாமியார் வீடு. ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள் கூடி ஆரம்பித்த குழுவாக இருக்கும் என்று நினைத்து, முக்கால் மைக்குகளை எண்ணி வைத்துக்கொண்டார்.

வந்தது மூன்று பேர். முன்னால் ஒரு அம்மாள், தோளுக்கு ஒரு டிரம்மாகத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்காமல் மாடியேறினார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பின்னால் அவருடைய மகள், ஒரு ஆஸ்பத்திரியின் வாசலில் உட்கார்ந்து நோயாளிகளின் டோக்கன் நம்பரைக் கூப்பிடுகிறவள்; குழுவின் பாட்டுக்காரி. அவளுக்கும் பின்னால், இரண்டு படி இடைவெளி விட்டு, கிடாருடன் மருமகன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. யாரைப் பார்த்தாலும் கண்ணைப் பார்க்காமல் கண்ணாடியைத்தான் பார்ப்பார்.

சத்தம் சரிபார்க்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. மாமியாருக்கும் மருமகனுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. ஆனால் பேச்சு முழுக்க மகள் வழியாகவே போய் வந்தது.

"உன் புருஷன்கிட்ட சொல்லு, கிடார் கொஞ்சம் ஓவரா இருக்கு."

"அத்தைகிட்ட சொல்லு, டிரம்மை அடிக்கணும், கொல்லக் கூடாது."

மகள் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்லிக் கழுத்து வலித்தவள் போல் நின்றாள். என்னம்மா இது என்று முக்கால் கேட்டதற்கு, போன வருஷம் வேன் கதவில் ஒரு கீறல் விழுந்ததாகவும், அன்றைக்கு வேனை எடுத்தவர் இவர் ஒருவர்தான் என்றும், நான் கீறவில்லை என்று இவர் சாதிப்பதாகவும், அன்றுமுதல் அம்மா இவரோடு பேசுவதில்லை என்றும் சொன்னாள். அப்படியானால் எப்படிச் சேர்ந்து வாசிக்கிறீர்கள் என்று கேட்டார். வாசிக்கும்போது மட்டும்தான் சண்டை போட முடிகிறது, அதனால் இரண்டு பேரும் ஒத்திகைக்கு ஒருநாள்கூடத் தவறுவதில்லை என்றாள்.

முக்கால் முக்கால்வாசி சிரித்துவிட்டு, பொத்தானை டேப்பில் நிறுத்தினார்.

கூட்டம் வந்து உட்கார்ந்தது. அந்த அரங்கத்து நாற்காலிகள் எல்லாம் கீழே கடையில் விற்கிற சரக்கு. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், விலைச் சீட்டுத் தொங்கத் தொங்கப் போட்டிருப்பார்கள். உடைத்தவர் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் அங்கே எப்போதுமே ரசிகர்கள் ரொம்ப அடக்கமாக ரசிப்பார்கள். முன்வரிசை நடுவில் முக்காலின் மனைவி, தம்பியைப் படம் பிடிப்பதற்காக ஃபோனை முழுசாகச் சார்ஜ் ஏற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாமியார் வீடு ஆரம்பித்தது. முதல் பாட்டுக்கு யாரும் தலையைத் தூக்கவில்லை. முன்குழுவின் முதல் பாட்டு என்பது செருப்பை எங்கே விட்டோம் என்று யோசிப்பதற்கான நேரம். இரண்டாவது பாட்டில் பேச்சு நின்றது. மூன்றாவது பாட்டை அந்த அம்மாள் ஒரே அடியில் தொடங்கினார். அவ்வளவு பெரிய கதவை அவ்வளவு கோபமாக யாரும் சாத்தியிருக்க மாட்டார்கள். மகள் பாடினாள்:

கீறல் விழுந்துச்சே, என் வண்டிக் கதவுல கீறல் விழுந்துச்சே,
காத்து கீறுச்சா, காக்கா கீறுச்சா,
கண்ணு முன்னால நிக்கிறவங்கள்ல யாரு கீறுனா.

ஆயிரம் பேர் இருமும் கூடத்தில் "நாப்பத்தி ரெண்டு" என்று கூப்பிட்டுப் பழகிய குரல். அது யாரையும் தேடிப் போகவில்லை. ஒவ்வொருவரையும் பேர் சொல்லி எழுப்பியது. "யாரு கீறுனா" என்று அவள் கேட்கும்போதெல்லாம் டிரம்மிலிருந்து ஒரு குற்றச்சாட்டு கிளம்பும். கிடார் உடனே மறுக்கும். டிரம் சாட்சி சொல்லும். கிடார் கெஞ்சும், பிறகு திமிரும், பிறகு "நீங்க மட்டும் ஒழுங்கா?" என்று பழைய கதையை எடுக்கும். மருமகன் கம்பியில் நகத்தை வைத்து ஒரு இழு இழுத்தார் பாருங்கள், கூட்டத்தில் வண்டி வைத்திருந்த அத்தனை பேரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

பின்வரிசையில் காலில் மாவுக்கட்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். தாளத்துக்குக் கட்டுக் காலாலேயே தரையைத் தட்ட ஆரம்பித்தார். ஒரு மாதம் கழித்துப் பிரிக்க வேண்டிய கட்டு அங்கேயே விரிசல் விட்டது. மறுநாள் டாக்டர் பார்த்தால் எலும்பு கூடியிருந்தது. தாளத்தில் கூடியதால் இப்போதும் அவர் தெருவில் நடந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு ஆட வேண்டும்போல் இருக்கிறதாம். கீழே கடையில் ஒரு இரும்புக் கட்டில் இரண்டடி நகர்ந்து வாசலை நோக்கி நின்றதாக முதலாளி சொல்கிறார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல, விலையைத் தவிர.

முக்காலுக்கு என்ன ஆயிற்றென்றால், விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. இந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ குழுக்களைக் கேட்டிருக்கிறார். கேட்டிருக்கிறார் என்றால், சத்தத்தைக் கேட்டிருக்கிறார்; பாட்டை அல்ல. இப்போதுதான் அந்த டேப் ஒரு கூரை மாதிரி தெரிந்தது. அந்த மூன்று பேரும் அதில் தலை இடிக்க இடிக்க வாசிக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தால் நிமிர்ந்துவிடுவார்கள். விரல் பொத்தானில் இருந்தது. பொத்தான் டேப்பில் இருந்தது. முன்வரிசையில் மனைவி இருந்தாள்.

முன்வரிசையைப் பார்த்தார். மனைவி அங்கே இல்லை.

அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டோம் என்று விரலை எடுத்துவிட்டார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இதுக்கு மேல போகாதா?"

"போகும்" என்றார். "ஆனா ஆம்ப்ளிஃபையர் பெட்டி ஒரு முழுசுதான் தாங்கும். உனக்கே தெரியும். இங்க குடுத்துட்டா அப்புறம் உன் தம்பிக்கு…"

மேடையில் டிரம் ஒரு கேள்வி கேட்டு, கிடார் வாயடைத்து நின்றது.

"அவன் நம்ம வீட்டுப் பையன்" என்றாள். "பொறுத்துக்குவான். தள்ளுங்க."

அவர் தள்ளினார். பொத்தான் டேப்பைத் தாண்டியது. பசை காய்ந்த டேப் ஓரம் கிழிந்து, பொத்தானோடேயே ஒட்டிக்கொண்டு மேலே போனது.

அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்வது, அத்தனை பேரும் எழுந்து நின்றதும், பிளாஸ்டிக் உறைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சரசரத்ததும், மூன்று நாற்காலி விற்பனையானதும்தான். மாமியார் வீடு மேலும் இரண்டு பாட்டு வாசித்துவிட்டு இறங்கியது. இரண்டுக்கும் பொத்தான் இறங்கவே இல்லை. மனைவியும் மேஜையை விட்டு நகரவில்லை. ஃபோனில் தம்பிக்காக வைத்திருந்த இடம் முழுவதும் தீர்ந்துபோயிருந்தது.

சந்தோஷம் இறங்கியதும் பயம் ஏறியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் திருட வந்து சொந்த வீடு என்று தெரிந்துகொண்டவர்கள் மாதிரி இருந்தது. முக்கால் ஓடிப்போய் அலமாரியைத் திறந்து பார்த்தார். பெட்டியின் மேல் கை வைக்க முடியவில்லை. அட்டையால் விசிறினார். தன் சட்டையைக் கழற்றி விசிறலாமா என்றுகூட யோசித்தார். அதற்குள் மேடையில் புகை கிளம்பிவிட்டது.

எரிமலை வந்தது. மைத்துனன் கோட்டை விரித்துக்கொண்டு நின்றான். முதல் பாட்டு ஒருமாதிரி நடந்தது. இரண்டாவது பாட்டில் ஒரு இடத்தில் தலையைப் பின்னால் சாய்த்து, கையை உயர்த்தி, உச்சத்துக்குப் போய் ஒரு இழு இழுத்தான். அந்த இடத்தில் பெட்டி சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டது.

எரிமலையில் எல்லாமே மின்சாரம். தாளம்கூடத் தட்டினால் கேட்கிற டிரம் இல்லை, ரப்பர் பலகை. ஆகவே மேடையில் ஐந்து பேர் மும்முரமாக எதையோ செய்துகொண்டிருக்க, சத்தமே இல்லை. மைத்துனனின் வாய் மட்டும் கண்ணாடித் தொட்டி மீன் மாதிரி திறந்து திறந்து மூடியது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, நேராக மிக்சர் மேஜையைப் பார்த்தான். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"மாமா" என்றான். மைக் இல்லாமலே அது முக்காலுக்குக் கேட்டது.

முக்காலுக்குக் குழாய் சொட்டுகிற சத்தம் ஞாபகம் வந்தது.

அப்போது மனைவி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து மேடையடிக்குப் போனாள். இடுப்பில் கை வைத்துத் தம்பியை அண்ணாந்து பார்த்தாள்.

"என்னடா பண்ணி வச்சிருக்க? உச்சத்துல அந்த இழு இழுக்கலாமா? மெஷின் தாங்குமா?"

அவன் விழித்தான். "என் குரலாக்கா?"

"பின்ன யாரோடது? நீ ஆரம்பிக்கும்போதே பெட்டிக்குள்ள என்னமோ முனகுச்சு. உங்க மாமா அப்பவே சொன்னாரு, இவன் குரலுக்கு இந்த மெஷின் பத்தாதுன்னு. ஏங்க, சொன்னீங்களா இல்லையா?"

அரங்கமே திரும்பி முக்காலைப் பார்த்தது. அவர் எழுந்து நின்றார். உண்மையைக்கூட முக்கால்வாசியே சொல்லிப் பழகியவர், வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை முழுசாகச் சொன்னார். அது பொய்யாக அமைந்தது தற்செயல்.

"ஆமா மச்சான். தாங்கல. நானும் இத்தனை வருஷத்துல இப்படிப் பார்த்ததில்ல."

மைத்துனனின் முதுகு நிமிர்ந்தது. வெள்ளிக் கோட்டுக்குள் ஆள் ஒரு அளவு பெரியவனாக ஆனான். கூட்டம் கை தட்டியது. தட்டியதோடு விடாமல், இப்படிப்பட்ட குரலுக்கு மைக் எதற்கு, சும்மாவே பாடுங்கள் என்று கேட்டது. இங்கேதான் அக்காவின் கணக்குக் கொஞ்சம் பிசகியது. அவன் பாடினான். முதல் வரிசை கேட்டது. இரண்டாவது வரிசை முன்னால் சாய்ந்தது. மூன்றாவது வரிசை இரண்டாவது வரிசையிடம் என்ன பாடுகிறான் என்று விசாரித்தது.

மேடை ஓரத்தில் உட்கார்ந்து டிரம்மை உறையில் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் இதைப் பார்த்தார். உறையைத் திரும்பக் கழற்றினார்.

"தம்பி, மூச்சை வீணாக்காத. எங்க வண்டி கரண்ட் இல்லாமலே ஓடும். நீயும் ஏறிக்க" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்துகிற அந்த அடியை அடித்தார். மகள் ஓடி வந்து கீறல் பாட்டை எடுத்தாள். அவளுக்கு மைக் இருந்ததும் இல்லாததும் ஒன்றுதான். "காக்கா கீறுச்சா" என்ற இடம் வந்ததும் மைத்துனனைக் கையால் காட்டினாள். அவன் ஒரு கணம் யோசித்துவிட்டு, "கா, கா" என்று பாடினான்.

கடவுள் ஒவ்வொரு குரலையும் ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் படைக்கிறார். அந்த மெல்லிசுக் குரல் எதற்காகப் படைக்கப்பட்டது என்பது அன்றைக்குத் தெரிந்தது. அவ்வளவு அசல் காக்கை. ஜன்னல் கம்பியில் நிஜக் காக்கைகள் இரண்டு வந்து உட்கார்ந்து, கடைசிவரை இருந்து கேட்டுவிட்டுப் போயின. கூட்டம் ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்காகக் காத்திருந்து, அவன் பாடியதும் கூரை பிய்யக் கத்தியது.

மருமகன்தான் பாவம், பேசாத கிடாரைக் கட்டிக்கொண்டு நின்றார். மாமியார் அவரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மகள் பாட்டின் நடுவில் இருந்தாள். தூது போக ஆளில்லை.

"மாப்பிள்ளை" என்றார் அந்த அம்மாள். "சும்மா நிக்காதீங்க. கையத் தட்டுங்க."

மருமகன் கிடாரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தட்டினார். மூக்குக்கண்ணாடி நனைந்து போய், துடைக்கவும் கை ஒழியவில்லை. கடைசியில் "யாரு கீறுனா" என்று மகள் கூட்டத்தைப் பார்த்துக் கேட்க, அரங்கம் முழுவதும் ஒரே குரலில் "நாங்கதான் கீறுனோம்" என்று ஒப்புக்கொண்டது. கட்டிலிலிருந்து விலைச் சீட்டு வரை ஒப்புக்கொண்டது. கூட்டத்தோடு கூட்டமாக மருமகனும் வாயைத் திறந்து அதைச் சொன்னார். அந்த அம்மாள் பிறகு முக்காலிடம் சொன்னார்: "அத்தன பேரு சொன்னதுல அவரும் சொன்னாரு சார். எனக்கு அது போதும்."

நடுவில் எப்போதோ பெட்டி ஆறி, சிவப்பு விளக்கு அணைந்து பச்சை விளக்கு எரிந்தது. முக்கால் அதைப் பார்த்தார். அலமாரிக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்து, மனைவிக்குப் பக்கத்தில் நின்று கை தட்டினார்.

இதெல்லாம் நடந்து ஒரு வாரம் இருக்கும். மைத்துனன் வீட்டுக்கு வந்தான். வரும் வழியெல்லாம் தன் குரலில் ஒரு ஆம்ப்ளிஃபையர் படுத்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்திருந்தான். வாசலுக்கு வருவதற்குள் அது இரண்டு ஆம்ப்ளிஃபையராகி இருந்தது. எரிமலையும் மாமியார் வீடும் மறுபடி சேர்ந்து வாசிக்கப்போவதாகச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான். சமையலறையில் மனைவியின் பாத்திரச் சத்தம் நின்றது.

"மாமா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றான். "இந்தத் தடவை எனக்கு முக்கால் போதும்."

"ஏன் மச்சான்?"

"போன தடவை மாதிரி ஆயிடக் கூடாது பாருங்க. என் குரல் எனக்குத் தெரியும். மீதிய அந்த அம்மா குழுவுக்குக் குடுங்க. பாவம், அவங்களுக்கு என்ன, சாதாரணக் குரல்தானே."

முக்கால் தலையை ஆட்டினார். சிரிப்பு வந்தது. வழக்கமான இடத்தில் நிறுத்தப் பார்த்தார். அந்த இடத்தில் டேப் இல்லை.

மனைவி காபியோடு வந்தாள். தம்பிக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. அவருடைய டம்ளர் விளிம்புவரை நிறைந்திருந்தது. சிந்தாமல் எடுத்துக்கொண்டு வர அவளுக்குத் தெரிந்திருந்தது. சிந்தாமல் குடிக்கத்தான் அவருக்குப் பழக்கமில்லை.